கடைசியாக வருபவன் அணைக்கும் விளக்கு

“வாசல் லைட்டை யாரு அணைக்கிறது?”

“கடைசியா உள்ள வர்றவன். அணைச்சிட்டு, எல்லாரும் வந்தாச்சுன்னு எனக்குக் கேக்கற மாதிரி சொல்லணும். அப்பதான் அடுப்புலேருந்து பானையை இறக்குவேன்.”

“கடைசி ஆளு வரவே இல்லன்னா?”

“ராத்திரி பூரா எரியும். கரண்ட் பில்லை உன் தலையில கட்டுவேன்.”

“நான்தான் கடைசி ஆளுன்னு முடிவே பண்ணிட்டீங்களா, முதலாளி?”

“நீ கோல்கீப்பர். மேல கட்டியிருக்கறதை எல்லாம் அவுக்கவே உனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.”

எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பைன் லாண்டிங் ஊரில், வீட்டுக்காரி இர்யா லாத்தினனும் அவள் வீட்டில் தங்கியிருந்த அர்மாண்ட் என்ற பையனும் பேசிக்கொண்டது இது.

இனி சொல்லப்போவதும் நடந்ததுதான். நம்பாதவர்கள் எதிர்வீட்டு புரூனோவைக் கேட்டுக்கொள்ளலாம். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற மனிதர் அவர். இந்த விஷயத்துக்கு மட்டும் சிரிப்பதில்லை.

ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெயர் பீவர்ஸ். காகித ஆலைக்காரர்கள் தொடங்கியது. பெரிய லீக்குக்கு ஒருநாள் போய்விடுவோம் என்று நம்புகிறவர்கள் ஆடுகிற சின்ன லீக். ஆரம்ப காலத்தில் ஆட்டக்காரர்கள் பகலெல்லாம் ஆலையில் மரக்கட்டை புரட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஸ்கேட் மாட்டுவார்கள். அப்புறம் வெளியூர்ப் பையன்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு விடுதி கிடையாது. ஊர்க்காரர்களின் வீடுகள்தான். பிள்ளை இல்லாத இர்யாவின் வீட்டு மாடியில் ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பனி உருகியதும் போய்விடுவார்கள்.

அணி ஒரே ஒரு தடவை கோப்பை வென்றது. திரும்பி வருகிற வழியில் பேருந்து பனியில் புதைந்துவிட, ஊரே மண்வாரிகளோடு போய்த் தோண்டிக் கூட்டிவந்தது. பிறகு ஆலை மூடியது. அணி கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்தது. போன வசந்தத்தில் தெற்கே ஒரு நகரத்துக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் பெயரையும் சட்டைகளையும் கொண்டுபோனார்கள். கோப்பை வென்றதற்காக அரங்கக் கூரையில் தொங்கவிட்ட கொடிக்கு ஏணி எட்டவில்லை. அது மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

கணவர் வெய்க்கோ இறந்தபோதுகூட இர்யாவின் மாடியில் காலடிச் சத்தம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அக்டோபரில் முதல் வெள்ளிக்கிழமை. இருட்டியதும் அவள் கை தானாகப் போய் வாசல் விளக்கைப் போட்டது. யாருக்கு என்று நினைத்து, தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அணைக்க மனம் வரவில்லை.

பாத்திரம் கழுவிவிட்டு வந்தாள். வாசல் இருட்டாக இருந்தது.

பல்பு போகவில்லை. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. அது வீட்டுக்கு உள்ளே, கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே இருக்கிறது.

வயதாகிறது, நாமே அணைத்து மறந்திருப்போம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும்.

நவம்பரில் ஒரு வெள்ளியன்று பனி விழுந்தது. அன்று சுவிட்ச் மட்டும் இல்லை... கதவுக்கு உள்ளே கிடந்த கால்மிதியும் நனைந்திருந்தது. யாரோ பூட்ஸோடு நின்ற மாதிரி. கதவைத் திறந்து பார்த்தாள். படிகளில் புதுப்பனி. ஒரு கால்தடம் இல்லை.

மறுநாள் இருவரும் அவரவர் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது புரூனோ கூப்பிட்டார்.

“என்ன இர்யா, மறுபடியும் பையனுங்களைச் சேத்துட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“எந்தப் பையன்?”

“நேத்து உன் வாசல்ல நின்னுட்டிருந்தானே. தோள்ல பெரிய பை. பாவம், குளிர்ல. உள்ள கூப்பிடக் கூடாதா?”

“டீமே போயிடுச்சு. பையன் எங்கேருந்து வருவான்? கண்ணாடியை மாத்து, புரூனோ.”

“கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன். ஒரு விஷயம் கேளு. நின்னபடியே கதவு நிலையை ரெண்டு பக்கமும் தட்டினான்.”

இர்யாவின் கையில் இருந்த மண்வாரி நின்றது.

பெரும்பாலான கோல்கீப்பர்கள் கோல் கம்பங்களைத் தட்டிப் பார்த்துத்தான் இடத்தில் நிற்பார்கள். வீட்டுக் கதவையும் அப்படித் தட்டிவிட்டு நுழைந்தவன் ஒருவன்தான். அர்மாண்ட். கியூபெக் கடற்கரைப் பையன். தாய் இல்லாதவன். ஒரு ஜனவரியில் பயிற்சியாளர் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே கதவருகே நின்று கேட்டான்.

“இங்கயே இருந்துடவா, முதலாளி? ஆலையில வேலை பாக்கறேன். கரண்ட் பில்லும் கட்டறேன்.”

விளையாட்டாகத்தான் கேட்டான். அவன் கண் விளையாடவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ‘இரு’ என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. வீட்டில் தங்கும் பையன்களைப் பிடித்துவைக்கக் கூடாது. இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் காக்கிற வழக்கம் அது. “பஸ் வந்துடும், கிளம்பு” என்றாள்.

அவன் போன பிறகு ஒரு வரி எழுதவில்லை.

புரூனோ சொன்னதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அடுக்களையில் விளக்கு போடவில்லை. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை மணி. வெளியே வாசல் விளக்கு மட்டும் எரிந்தது.

தப்... தப்...

பூட்ஸில் பனி உதறுகிற சத்தம்.

டக்.

இடது நிலை.

டக்.

வலது நிலை.

கதவு திறக்கவில்லை. ஆனால் குளிர் உள்ளே வந்தது. ஈரக் கையுறை நாற்றம்...

‘க்ளிக்.’

இருட்டு.

இர்யா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

பையன்களுக்கு அடிபட்டால் சொல்வதற்காக, அவர்கள் வீட்டு எண்களை டெலிபோனுக்குப் பக்கத்துச் சுவரிலேயே எழுதிவைப்பாள். அவை இன்னும் இருந்தன. விடிந்ததும் அர்மாண்டின் எண்ணைச் சுழற்றினாள். அவனுடைய அக்கா எடுத்தாள்.

“அவன் போயிட்டானே. அக்டோபர்ல. முதல் வெள்ளிக்கிழமை, பொழுது சாயற நேரம்.”

இர்யா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்கா பேசிக்கொண்டே போனாள்.

“கடைசியில எங்க யாரையும் அவனுக்குத் தெரியல. கையை நீட்டி நீட்டிச் சுவத்தைத் தடவினான். வெளிச்சம் கூசுதோன்னு ரூம் லைட்டை அணைச்சேன். இது இல்ல, வாசல் லைட்டுன்னான். நான்தான் கடைசி, நான் அணைக்கலன்னா அவங்க பானையை இறக்க மாட்டாங்கன்னான். எங்க வீட்டுல வாசல் லைட்டே கிடையாதும்மா. நீங்க யாரு பேசறது?”

இர்யா போனை வைத்தாள்.

அடுத்த வெள்ளி. அடுப்பில் மூஸ் என்ற காட்டுமானின் இறைச்சிக் குழம்பு கொதித்தது. மேஜையில் இரண்டு தட்டு. வாசல் விளக்கு எரிந்தது.

தப்... தப்...

டக்.

டக்.

குளிர் அவள் முகத்தில் பட்டது. சுவிட்சுக்கு நேரே, கொக்கியில் தொங்கிய கோட்டு மெல்ல அசைந்தது...

அவள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை குரல் வந்தது.

“பஸ்ஸுக்குப் போகாத, அர்மாண்ட். இங்கயே இருந்துடுடா.”