இன்னும் மூன்று மாதம்

"இன்னும் மூணு மாசம் விடுங்க மச்சான். இப்ப வெட்டுனா எலும்புதான் மிஞ்சும்" என்று என் மனைவியின் தம்பி சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மகள் டெங்குக் காய்ச்சலோடு கரவனெல்ல ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து, வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்னும் அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சுப் பார்க்கிறேன். இரத்தத்தட்டு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போன அன்று, நாலு பேருக்குப் புத்தி சொல்லும் நான், வார்டுக்கு வெளியே நின்று முனியாண்டிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாம் என்று குட்டியொன்றை வாங்கிவந்து கட்டினால், இவன் அதன் முதுகைத் தடவிப் பார்த்து நாள் தள்ளுகிறான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உண்மையில் நான் கத்தியது அவனிடமில்லை. என் மாமாவிடம்.

மாமா அம்மாவின் அண்ணன். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் சீட்டுகளை நிறுப்பது அவர் வேலை. எனக்கு எட்டு வயதில் ஜன்னி கண்டு பிழைத்தபோது, ரப்பர் மலைக்குக் கீழே மரத்தடியில் இருக்கும் முனியாண்டிக்கு அம்மா ஒரு கிடா நேர்ந்தாள். குட்டியை வாங்கியவளும் அவளே. ஆனால் அதை எப்போது வெட்டுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே மாமா எடுத்துக்கொண்டார்.

"இத வெட்டுனா லயத்துல இத்தன வீட்டுக்கும் ஆளுக்கொரு துண்டு வருமா? சாமியே சிரிக்கும்."

அந்த வருடத் திருவிழா போனது. பலா இலை ஒடித்துப் போடுவதும் புண்ணாக்குக் கரைத்து வைப்பதும் என் வேலை. ஞாயிறுதோறும் மாமா கிடாவைச் சாக்கில் தொங்கவிட்டு ஸ்டோர்த் தராசில் நிறுப்பார். முதல் வருடம் முள் வாராவாரம் நகர்ந்தது. அடுத்த திருவிழா வந்தபோது, பார்த்தவர்கள் எல்லோரும் இதுதான் பதம் என்றார்கள். மாமா மட்டும், "இப்பதான் சதை ஏறுது, இப்ப போயா!" என்றார். அதன்பிறகு எவ்வளவு தின்றும் முள் பெரிதாக அசையவில்லை. வயிறு மட்டும் பக்கவாட்டில் தள்ளியது.

சாமிக்கு விட்ட கிடாவுக்குக் காயடிக்கக் கூடாது. காயடிக்காத கிடா முற்றினால் என்ன நாற்றம் நாறும் என்பது லயத்தில் மாமாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "கிடாவா இது? தொர மாதிரில்ல நிக்குது" என்று பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. நான் ஒருமுறை இருமினால் போதும், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிடாவை முறைப்பாள். "அண்ணே, நேர்ந்தத குடுக்காம வச்சிருக்கமே, எனக்கு நெஞ்சு பதறுதுண்ணே" என்பாள். அவளுக்கு ஆடென்றாலே பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது திருவிழாவுக்கு ஒருவழியாகக் கிடா மரத்தடிக்கு வந்தது. பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அது சிலுப்பவில்லை. கழுத்தில் போட்ட மாலையைத் தின்றுகொண்டு நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். பிறகு ஒரு வாளி. மேளம் நின்றது.

"சாமிக்கு மனசு வரல" என்றார் யாரோ.

"அதெல்லாம் இல்ல. உள்ள கொழுப்பு அவ்வளவு, குளிர் ஏறல" என்றார் மாமா, அப்போதும் பெருமையாக.

எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தினமும் காலையில் கிடாவைச் சீண்டுவதற்கு நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. மெல்லப் போய், மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து அதன் காதுக்குள் ஊதினேன்.

தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் எல்லார்மேலும் தெறித்தது. "உத்தரவு குடுத்துருச்சு!" என்று கூட்டம் கத்தியது, மேளம் எழுந்தது, அரிவாள் இறங்கியது. இரண்டு வருடம் நான் தீனி போட்ட கிடா.

கறி மூன்று மணி நேரம் வெந்தும் ரப்பர் சீட்டைப்போலவே இருந்தது. தட்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. வாடை இரண்டு நாளாக லயத்தை விட்டுப் போகவில்லை. மாமா பல்லைக் குத்திக்கொண்டே அம்மாவிடம், "நா அப்பவே சொன்னேன், பிஞ்சுலயே வெட்டணும்னு. நீ எங்க கேட்ட?" என்றார்.

கிடா கொடுத்த பிறகும் நான் இருமினால், அம்மா கற்பூரத்தை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்கு ஓடினாள். காய்ச்சல் வந்தால் தேங்காயோடு ஓடினாள். பெரியவனான பிறகும், வெளியூரிலிருந்து போனில் தும்மினால்கூட. கிடாவைத்தான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும். பலமுறை திட்டியும் இருக்கிறேன்.

போன வாரம், பேத்திக்குக் கிடா நேர்ந்ததை அவளிடம் போனில் சொன்னேன்.

"சீக்கிரம் குடுத்துரு சாமி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவ யாரையும் காதுல ஊத விட்றாத."

அவள் பார்த்திருக்கிறாள்.