இதுல பணம் எங்கம்மா இருக்குது?

எழுபதுகளின் தொடக்கம். நான் காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டின் முன்கட்டில் மாமனாரின் பட்டுப்புடவைக் கடை. வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஒருநாள் காலை மாமனார் உள்ளே எட்டிப் பார்த்து, "நீ இங்கிலீஷ் படிச்ச பொண்ணுதானே? கொஞ்சம் வாம்மா" என்றார்.

கடையில் ஓர் அமெரிக்கப் பெண்மணி. மடியில் அரக்கு நிறப் புடவை. மாமனார் அதற்குப் பணம் கேட்டதற்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் விசாரித்து மாமனாருக்குச் சொன்னேன்.

"அவங்க ஊர்ல இதை ஒரு மெஷின்ல வச்சுத் தேய்ப்பாங்களாம் மாமா. எழுத்தெல்லாம் கார்பன் தாள்ல பதியுமாம். மாசக் கடைசியில வீட்டுக்கு பில் வருமாம்."

மாமனார் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பணம் எங்கம்மா இருக்குது?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். மாமனாரும் சிரித்துவிட்டார்.

அடுத்து அந்தப் பெண்மணி, வெளியூர்ப் பயணத்தில் வங்கியில் பணமாக மாற்றிக்கொள்ளும் டிராவலர்ஸ் செக் ஒன்றை எடுத்தார். மேலே ஏற்கெனவே அவர் கையெழுத்து இருந்தது. கீழே இன்னொன்று போடப் பேனாவைத் திறந்தார். அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்த நான் சட்டென்று அவர் கையைப் பிடித்தேன். பணம் தருபவரின் கண்ணெதிரில்தான் அதைப் போட வேண்டுமாம். உள்ளூர் வங்கியில் கேட்டால், மெட்ராஸில்தான் மாற்ற முடியும் என்றார்கள். அவருக்கோ மறுநாள் விமானம்.

"அவங்க கார்லயே நீ புடவையை எடுத்துக்கினு போய்ட்டு வாம்மா" என்றார் மாமனார்.

"நானா மாமா?"

"வேற யாருக்கு அவங்க பேசறது புரியுது?"

மெட்ராஸ் வங்கியில் குமாஸ்தா இரண்டு கையெழுத்தையும் மூக்கருகே வைத்து ஒப்பிட்டார். கடைசியில் ரூபாய் வந்தது. என் கையில் பணத்தைக் கொடுத்த மறுகணம், அந்தப் பெண்மணி புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். குமாஸ்தாக்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

மாலை பஸ்ஸில் ஊர் திரும்பிப் பணத்தைக் கொடுத்தேன். மாமனார் எண்ணிக்கூடப் பார்க்காமல் பெட்டியில் போட்டார்.

"நாளையிலருந்து கடையில வந்து ஒக்காரும்மா."

அன்று சமையலறையில் மாமியாரிடம் அந்தக் கதையை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் முதல் தடவை போலவே சிரித்தார்.