மேலே கிடந்த ஒரு சாண் மண்

நான் ஒரு முட்டாள். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அடக்கம் எனக்கு வராது. இருபத்தாறு வருடமாக மண்ணை வெட்டி எடுக்கும் வேலையில் இருந்துகொண்டு, என் வீட்டுக்கு வாய்த்த ஒரே நல்ல மண்ணை நானே வெட்டி, நானே தள்ளுவண்டியில் ஏற்றி, எனக்குக் கண்டாலே ஆகாத பக்கத்து வீட்டு அம்மாவின் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். அதுவும் சிரித்துக்கொண்டே கொட்டினேன்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் இந்த முட்டாள்தனத்தின் கம்பீரம் புரியும். நெய்வேலியில் கரி எடுப்பதற்கு முன்னால் அதற்கு மேலே கிடக்கும் மண்ணை எடுத்தாக வேண்டும். பனைமரத்தின் மேல் பனைமரத்தை நிறுத்தினாலும் எட்டாத ஆழத்துக்கு மண். அது முழுவதற்கும் எங்கள் பேச்சில் ஓவர்பர்டன், சுருக்கமாக ஓ.பி. என்று பெயர். கரியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வேண்டாத சுமை என்று அர்த்தம். ராட்சதச் சக்கரம் சுற்றிச் சுற்றி அதைக் கடிக்கும், பெல்ட் சுமந்துகொண்டு ஓடும், தூரத்தில் மலையாகக் கொட்டும். கரி வேண்டியது, மண் வேண்டாதது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் இந்தப் புத்தி யூனிஃபார்மோடு கழன்று விழுவதில்லை.

என் மனைவிக்கு வேறு புத்தி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு தோட்டம் வைத்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடமாகக் காய்கறித் தோல், முட்டை ஓடு, காப்பிச் சக்கை, பலாச் சருகு என்று அதில் போட்டு மூடிக்கொண்டே இருந்தாள். நான் அதைக் குப்பைக்குழி என்பேன். அவள் இன்னும் ஒரு கை சருகை அள்ளிப் போடுவாள். மகளுக்குப் பிரசவம் என்று ஆவணியில் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். கேஸ் அடுப்பைப் பற்றியோ என் சுகர் மாத்திரையைப் பற்றியோ இல்லை. தையில் வந்து வெண்டை போட வேண்டும், அதுவரை தோட்டத்தை இருக்கிறபடியே வைத்திருங்கள், ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்றாள். சும்மா இருப்பதில் எனக்கு உள்ள திறமையை நம்பித்தான் அப்படிக் கேட்டாள்.

புரட்டாசியின் முதல் மழைக்கே எதிரிகள் வந்துவிட்டார்கள். ரயில்பூச்சிகள் பாத்ரூமுக்கு ஊர்வலம் வந்தன. துடைப்பத்தால் தள்ளினால் காசு மாதிரி சுருண்டுகொள்ளும். வெளியே எறிந்தால் அவிழ்ந்து, திரும்பி வரும். இதையும் பொறுத்தேன். ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூவுக்குள் காலை விட்டேன். உள்ளே ஒரு பூரான் எனக்கு முன்பே டூட்டியில் இருந்தது. அன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தை எங்கள் தெருவே வேலியோரம் நின்று பார்த்தது.

முதலில் பூச்சிப்பொடி தூவினேன். பூச்சிகள் நலமாக இருந்தன. எனக்குத்தான் இரண்டு நாள் தும்மல். பிறகு பூரான் கடித்து வீங்கிய கால் கட்டைவிரலைத் தடவிக்கொண்டு தொழில் தெரிந்தவனாக யோசித்தேன். எதிரி எங்கே குடியிருக்கிறான்? தோட்டத்தின் கறுப்பு மண்ணில். அது எங்கே இருக்கிறது? மேலே. மேலே கிடப்பதை எடுக்கத்தானே எனக்குச் சம்பளம்.

இரண்டு வீக்லி ஆஃப் செலவழித்து ஒரு சாண் ஆழத்துக்கு மொத்தத் தோட்டத்தையும் வழித்தேன். வெட்ட வெட்ட நெளிந்தது, ஓடியது, சுருண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு கொடுத்தேன். கடைசியில் சிவப்பாக, மட்டமாக, ஒரு எறும்புகூட இல்லாத தரை கிடைத்தது. சுரங்கத்தில் இப்படி ஒரு தளம் எடுத்திருந்தால் தோளில் தட்டிக்கொடுத்திருப்பார்கள்.

வழித்த மண்ணை எங்கே போடுவது என்று நின்றபோதுதான் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா வேலியோரம் வந்தார். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர். கணவர் பர்மனென்ட் ஆகி இங்கே குடிவரும்வரை அடுத்தவர் வயலில் களையெடுத்தவர். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம். அவர் கோழிகள் எங்கள் பாத்தியைக் கிளறும், நான் கல் எறிவேன், அவர் என்னை விட்டுவிட்டு என் வம்சத்தை வைவார். அன்றைக்கு அவரே வாயைத் திறந்து, அந்த மண்ணை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். குப்பைதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துக்கொள்ளச் சொன்னதோடு நிற்காமல் பதினாலு வண்டி நானே தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினேன். பூரானும் சேர்ந்து குடி மாறுகிறது என்ற சந்தோஷத்தில் முதுகு வலிகூடத் தெரியவில்லை.

அந்த அம்மா கொட்டிய மண்ணைக் கையால் அள்ளிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், நெசமாத்தான் கொட்றீங்களா?”

“நெசமாத்தான்” என்றேன், அன்னதானம் செய்கிறவன் முகத்தோடு.

ஐப்பசி மழை என் கணக்கைச் சரிபார்த்தது. என் சிவப்புத் தரையில் தண்ணீர் குளமாக நின்றது. வடிந்ததும் சிமென்ட் மாதிரி இறுகியது. நாலு நாள் வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. பதற்றத்தில் தூவிய கீரை விதை அடுத்த மழையில் மிதந்து சாக்கடைக்குப் போனது. கறிவேப்பிலைக் கன்று வேர் வெளியே தெரிய மஞ்சளாகிச் செத்தது. ரயில்பூச்சி மட்டும் வழக்கம்போல் பாத்ரூமுக்கு வந்தது. பூரானும் வந்தது. அது தோட்டத்தில் குடியிருக்கவே இல்லை. ஷூ வைக்கும் பலகைக்குப் பின்னால் நான் இரண்டு வருடமாக எடுக்காத ஈரச் சாக்கில் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். அதே மழைதான். என் பக்கம் மேலே நின்றது. அங்கே உள்ளே போய் மறைந்தது. வெண்டை இடுப்பளவு வந்தது. அவரைக்கொடி வேலியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் எட்டிப் பார்த்தது. எனக்கு அது பழிப்புக் காட்டுவது மாதிரி இருந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு வேலியோரம் உட்கார ஆரம்பித்தேன். இயற்கையை ரசிக்க இல்லை. அங்கே ஏதாவது வாடினால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான்.

வயிற்றெரிச்சல் மாதிரி பூதக்கண்ணாடி கிடையாது. புழு கழித்துவிட்டுப் போன மண், இடியாப்பம் பிழிந்ததுபோல் சின்னச் சின்னக் குவியலாக இருப்பதைப் பார்த்தேன். ஒரு மண்புழு பாதி உடம்பை வெளியே நீட்டி, ஒரு சருகின் காம்பைப் பிடித்துத் தன் பொந்துக்குள் இழுத்ததைப் பார்த்தேன். இலை பொந்தைவிடப் பெரிது, அது விடவில்லை. மழை விட்ட அரை மணியில் எறும்புகள் உள்ளிருந்து மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து வாசலைச் சுற்றி வட்டமாகக் கொட்டின. சூப்பர்வைசர் யாரும் கண்ணில் படவில்லை. வேலி இடுக்கு வழியாகக் குச்சியை விட்டுச் சருகைப் புரட்டினால் அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சணம், அதற்கு நடுவே கடுகில் பாதிகூட இல்லாத என்னவோ ஒன்று துள்ளியது. நான் துரத்திய ரயில்பூச்சி அங்கே உட்கார்ந்து மக்கிய இலையை அரைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கமாக வந்து விழுந்ததுதான் என் மனைவியின் கறுப்பு மண்.

சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் களி, சாம்பல் மணல் என்று கரி வரைக்கும் ஒவ்வொரு அடுக்கின் நிறமும் எனக்கு மனப்பாடம். அத்தனை ஆழத்திலும் ஒரு புழுவைக்கூட நான் பார்த்ததில்லை. உயிர் என்று இருந்தது மேலே கிடந்த அந்த ஒரு சாணில்தான். சக்கரம் அதை முதல் கடியிலேயே விழுங்கிவிடும். குனிந்து பார்க்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இது தெரிந்ததும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான் கூடியது. அத்தனையும் பக்கத்து வீட்டுக்காரிக்கு வேலை செய்கிறதே.

மார்கழியில் மனைவி வீடியோ காலில் வந்து தோட்டத்தைக் காட்டச் சொன்னாள். நான் போனை வேலி இடுக்கில் நுழைத்து வெண்டையைக் காட்டினேன். இது எப்போது போட்டீர்கள் என்று அவள் ஆசையாகக் கேட்ட நேரத்தில் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது.

“எங்க வூட்டு வெண்டைய யாருக்கு சார் காட்டிக்கினு இருக்கீங்க?”

மனைவி போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். பதினாலு வண்டி என்பதை விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். போன் என் கைக்குத் திரும்பியபோது லைன் துண்டிக்கப்பட்டிருந்தது. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு வேலியோரம் போய் மண்ணைத் திருப்பிக் கேட்டேன். குப்பை என்று கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது என்ன பழக்கம் என்றார். அப்போது தெரியவில்லை, அது என் மனைவியின் மண் என்றேன்.

“அப்ப இன்னாத்துக்கு சார் நீங்க தூக்கிக் குடுத்தீங்க? வேர் எறங்கிக்கினு இருக்குது. இப்ப தோண்டினா செடியும் சாவும், புழுவும் சாவும்.”

ஒரு பக்கெட்டாவது என்றேன். முடியாது என்றார். எனக்கும் ரோஷம் வந்தது. உங்கள் கோழி இப்போது இந்தப் பாத்தியைக் கிளறுவதில்லையோ என்று குத்தினேன்.

“அடைச்சு வெச்சிருக்கேன்” என்றார் கண்ணை இமைக்காமல். “உங்க வூட்டு அம்மா வரட்டும். அவங்க கேட்டா குடுப்பேன். நீங்க அந்த வேலியாண்டயே நில்லுங்க.”

தை இரண்டாம் நாள் மனைவி வந்தாள். பையைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். சிவப்புத் தரையைப் பார்த்தாள், கறிவேப்பிலைக் குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பெரிய உதவியாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் பாத்தியோரம் குத்துக்காலிட்டு வெகுநேரம் பேசினார்கள். ஒரு தடவை சேர்ந்து சிரித்தார்கள். யாரைப் பற்றி என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

வெண்டைக்கு நடுவே வேர் படாத இடமாகப் பார்த்து அள்ளிய மண்ணோடு திரும்பி வந்தாள். இரண்டு பேசின், அவ்வளவுதான். மூலையில் தரையைக் கொத்திக் கிளறி, அதன்மேல் பரப்பி, பலாச் சருகால் மூடித் தண்ணீர் தெளித்தாள். பதினோரு வருடம் ஒரு முறம் அகலத்தில் கிடந்தது. இது பெருகித் தோட்டமாக எத்தனை மழை ஆகுமோ. இந்தத் தையில் வெண்டை இல்லை.

நான் சமாதானத்துக்கு என்னிடம் இருந்த ஒரே பொருளை எடுத்தேன். இந்த மூன்று மாதத்தில் நான் கற்ற கல்வி. புழு இலையை இழுப்பதிலிருந்து ஆரம்பித்தேன். ரயில்பூச்சியின் பெருமையைச் சொன்னேன். வெள்ளை நூல், எறும்பின் வாசல், மழை உள்ளே இறங்குகிற விதம் எல்லாம் சொன்னேன். இந்த ஒரு சாண்தான் எல்லாமே, பூமியில் மற்றதெல்லாம் ஓ.பி. என்று, விளக்கிக் காட்டுவதற்காக ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

அவள் நிமிரவில்லை.

“தெரியும், கால எடுங்க.”