அரை நொடி முந்திப் போன பந்து

பஸ் செஞ்சி பேருந்து நிலையத்துக்குள் திரும்பியபோது தமிழ்மொழி ஜன்னல் வழியாகத் தன் முகத்தையே பார்த்தாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தை ஊதிப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாஸ்கெட்பால், இன்னொரு பக்கம் பறக்கும் கழுகு. ‘பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி செஞ்சிக்குப் பெருமை சேர்த்த எங்கள் வீட்டுச் சிங்கக்குட்டி தமிழ்மொழியை வாழ்த்தும் சித்தப்பா விக்ரமன் மற்றும் பஜார் நண்பர்கள்.’ அதற்குக் கீழே வட்டம் வட்டமாக அந்த நண்பர்களின் முகங்கள்.

அவள் எந்த அணிக்கும் தேர்வாகவில்லை. அன்று காலையில்தான், கல்லூரி அணியிலேயே அடுத்த வருஷம் இடம் இல்லை என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பஜார் வழியாக வேகமாக நடந்தாள். வெயிலுக்குக் கட்டியிருக்கிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். பல்கலைக்கழக அணித் தேர்வுக்குக் கல்லூரியில் இருந்து அவள் பெயரை அனுப்பியிருந்தார்கள். அதை அவள் வீட்டுக்கு போன் செய்து சொன்னபோது அப்பா இராமச்சந்திரன் தன் எலெக்ட்ரிகல்ஸ் கடையில் நாலு வாடிக்கையாளர்களுக்கு நடுவே நின்றிருந்தார். ‘செலக்‌ஷன்’ என்பதும் ‘பேர்’ என்பதும் மட்டும் காதில் விழுந்தன. அவர் தம்பி விக்ரமன் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருப்பவர். அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

பெயர் அனுப்பிய பிறகு நடந்த போட்டியில்தான் எல்லாம் கெட்டது. அவள் கொடுத்த பாஸ்களில் பாதி, கோட்டுக்கு வெளியே போயின. இல்லையென்றால் எதிரணிக் கைக்குப் போயின. பயிற்சியாளர் அவள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தப் பயிற்சியாளர் பெயர் குரு. கெட்ட மனிதர் இல்லை. தமிழ்மொழியை ஆட்டக்காரியாக்கியவரே அவர்தான். செஞ்சியில் பள்ளியில் படித்தபோது அவளுக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றுதான்: பந்தை வாங்கு, ஓடு, போடு. அங்கே அவளை மறிக்க ஆள் இல்லை. விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்ததும், தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்கள் முன்னால் வந்து நின்றபோது, ரிங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. “உன் உயரத்துக்கு நீ பாயிண்ட் கார்டுதான்” என்றார் குரு. அதாவது பந்தைக் கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்து, ஐந்து பேரையும் ஆட வைக்கிறவள். அவளுடைய இடது கை சரியில்லை என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். ஹாஸ்டலில் வாளி தூக்குவது, கதவு திறப்பது, தலை வாருவது எல்லாமே இடது கையால் என்று உத்தரவு போட்டார். ஒரு வருஷத்தில் எந்தக் கையால் தட்டுகிறாள் என்று எதிராளிக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் கோர்ட்டில் அவள் பேசமாட்டாள். கோர்ட்டில் என்ன, எங்கேயுமே அவ்வளவாகப் பேசமாட்டாள். ‘பேருதான் தமிழ்மொழி’ என்று வகுப்பிலும் கேலி இருந்தது. குரு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவார்: “வாயத் தொற! சொல்லிட்டுக் குடு!” அவர் கத்தக் கத்த இவள் இன்னும் சுருங்கினாள்.

வருஷக் கடைசியில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத் தன் மதிப்பீட்டைச் சொல்வது அவர் வழக்கம். இவளிடம் சொன்னார்: “கை பிரமாதம். உன்கிட்ட இருந்து பந்தை ஒருத்தியும் புடுங்க முடியாது. ஆனா டீமை நடத்த உன்னால ஆவல. குடுக்கற பாஸ் வீணா போவுது, வாயும் தொறக்க மாட்டேங்கற. அடுத்த வருஷத்துக்கு நான் வேற பொண்ணைப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதம்மா.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மை என்றே எடுத்துக்கொண்டாள். அதுதான் அவளுக்கு வலித்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அப்பாவிடம் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் ஜிலேபி அனுப்பினார். அம்மா மனோரமா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். தமிழ்மொழி பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள். சில நாள் இப்படியே போனது.

ஒரு மத்தியானம் அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. நேராகக் கடைக்குப் போனாள். இராமச்சந்திரன் ஒரு பெரியவருக்காக பல்பை ஹோல்டரில் மாட்டி எரிகிறதா என்று காட்டிக்கொண்டிருந்தார்.

“நைனா, அந்த பேனர்ல போட்டிருக்கறது பொய்.”

“இன்னா பொய்?”

“நான் செலக்ட் ஆவல. காலேஜ் டீம்லயே என்ன எடுக்கல.”

அவர் பல்பை அணைத்தார். கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பெரியவரிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வேற ஒண்ணும் இல்லியே?”

“வேற இன்னா?”

“உடம்புக்கு ஏதாச்சும்? எவனாச்சும் தொந்தரவு குடுக்கறானா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. இதான்.”

இராமச்சந்திரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். “அடப் போம்மா! நீ சாப்டாம கெடக்கறதப் பாத்துட்டு உங்கம்மா என்னத் தூங்க வுடல. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவலாமா, உங்க காலேஜுக்குப் போயி விசாரிக்கலாமான்னு எங்களுக்கு ஒரே டென்ஷன். இவ்ளோதானா? டீம்ல எடுக்கலன்னா எடுக்காம போவட்டும்!”

அவள் அழ ஆரம்பித்தாள். ஆனால் அது நல்ல அழுகை. அழுது முடித்ததும் பசித்தது.

அன்றே அவர் ஏணியை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார். “ஒருவேளை அப்புறமா செலக்ட் ஆயிட்டா மறுபடியும் அடிக்கணுமே அண்ணே, இருந்துட்டுப் போவட்டும்” என்று விக்ரமன் கெஞ்சிப் பார்த்தார். இராமச்சந்திரன் கேட்கவில்லை. தானே ஏறிக் கயிற்றை அறுத்தார். கீழே கூடியவர்களிடம், “இன்னும் முடிவு ஆவல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று கூச்சமில்லாமல் சொன்னார். மகள் பெயரை இழுக்கவே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார்: “அந்த ஆட்டத்த வுட்டுடப் போறியா?”

“தெரியல நைனா.”

“தெரியலன்னா போயி ஆடு. தெரிஞ்சப்பறம் சொல்லு.”

லீவு முடிந்து கல்லூரி திறந்தபோது குரு இல்லை. வேறு ஊரில், வேறு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு அன்புக்கரசி என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தன் காலத்தில் சென்டர் ஆடியவள், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று பாஸ் வாங்கிப் போடுகிறவள். பாயிண்ட் கார்டு ஆட்டம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

பழைய அணி, புது ஆள் என்று பார்க்காமல் எல்லோரையும் ஆட விட்டாள். தமிழ்மொழியையும்தான். ரிங்குக்கு அடியில் அன்புக்கரசியே போய் நின்றுகொண்டாள். தமிழ்மொழி பந்தைக் கொண்டுவந்தாள், ஒரு இடைவெளியைப் பார்த்தாள், கொடுத்தாள். பந்து நேராகப் போய் அன்புக்கரசியின் தாடையில் மோதியது.

“யம்மா!” என்று தாடையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னொரு தடவை குடு” என்றாள் அன்புக்கரசி.

கொடுத்தாள். இந்த முறை பந்து தோளில் பட்டது. மூன்றாவது முறை கையில் சிக்கியது, ஆனால் நழுவியது. அன்புக்கரசி எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள்.

“நான் அந்தப் பக்கம் திரும்பணும்னு மனசுல நெனச்சேன். திரும்பறதுக்குள்ள பந்து வந்துடுச்சு. நான் நெனச்சது உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

தமிழ்மொழி யோசித்தாள். “உங்க இடுப்பு சொல்லிச்சு மிஸ்.”

அன்புக்கரசி வாய்விட்டுச் சிரித்தாள். “உன் பாஸ் தப்பு இல்ல. அரை நொடி முந்தி வருது. ஆட்டத்தப் பாக்கற கண்ணு உனக்கு இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இது சரி பண்ணக்கூடிய விஷயம்தான்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “ஆனா வாய் விஷயத்துல உங்க பழைய சார் சொன்னாராமே, அதுதான் சரி. நீ கத்த வேணாம். பந்து எப்ப வரும்னு அவளுக்குத் தெரியணும், அவ்ளோதான். அத நீதான் சொல்லியாவணும்.”

அன்று ஹாஸ்டலுக்கு நடக்கும்போது தமிழ்மொழிக்குக் காலே லேசானது மாதிரி இருந்தது. தன்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அணியின் சென்டர் பூங்குழலி. மண்டகப்பட்டில் விவசாயக் குடும்பம். தமிழ்மொழியின் பாஸ்களை அதிகம் தவறவிட்டவள் அவள்தான். இருவரும் சனிக்கிழமைகளில் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போவார்கள். ஒருத்தி முன்னால் உட்கார்வாள், இன்னொருத்தி பின்னால். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை தமிழ்மொழி பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் விழுப்புரத்தைத் தாண்டும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“பூங்குழலி, உனக்குப் பந்து எங்க வேணும்?”

பூங்குழலி திரும்பி முறைத்தாள். “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா உனக்கு? ரெண்டு வருஷமா மூஞ்சியக் குறி பாத்து அடிக்கற. நான் புடிக்கலன்னா சார் என்னத்தான் திட்டுவாரு. என்ன அசிங்கப்படுத்தணும்னே பண்றன்னு நெனச்சேன்.”

“ஐயோ, சத்தியமா இல்ல. நீ திரும்பிடுவன்னு தெரியும். அதான் வுட்டேன்.”

“நான் திரும்பப் போறேன்னு எனக்கே தெரியாதே, உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுப் பூங்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கையை விரித்துக் காட்டினாள். “இங்க குடு. வலது பக்கம், நெஞ்சுக்கு மேல. பேரச் சொல்லிக் கூப்புட்டா நான் திரும்புவேன். பேரு சொல்றதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்?”

மண்டகப்பட்டு நிறுத்தத்தில் இறங்கிய பிறகும் அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் அடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிடவில்லை. பெயர் சொல்லிவிட்டுக் கொடுக்கப் பழகியபோது, அந்தப் பெயரைக் கேட்டு எதிராளியும் திரும்பினாள். சில நாள் தமிழ்மொழி பழையபடி வாயை மூடிக்கொண்டாள். ஒரு போட்டியில் பயந்துபோய்ப் பாஸே கொடுக்காமல் பந்தை வைத்துக்கொண்டு தடுமாறியதைப் பார்த்து அன்புக்கரசி அவளை வெளியே உட்கார வைத்தாள். ஆனாலும் பாஸ்கள் சிக்க ஆரம்பித்தன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதிவரை போய்த் தோற்றார்கள். தோற்ற ஆட்டத்தில்கூட பூங்குழலி போட்ட கூடைகளில் பெரும்பாலானவை இவள் கொடுத்த பந்தில் வந்தவை. இரண்டு பேர் பெயரையும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அனுப்பினாள் அன்புக்கரசி.

தேர்வு நாளில் பல கல்லூரிகளின் பெண்களைக் கலந்து அணி பிரித்தார்கள். பூங்குழலி வேறு அணிக்குப் போய்விட்டாள். தமிழ்மொழிக்குக் கிடைத்த நாலு பேரையும் அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எல்லோரும் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டும் ரிங்கைப் பார்த்து எறிந்துகொண்டும் இருந்தார்கள்.

தமிழ்மொழி ஒவ்வொருத்தியிடமும் போனாள். “உன் பேரு இன்னா? உனக்குப் பந்து எங்க வேணும்?” ஒருத்தி புருவத்தைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொருத்தி, “ஓடும்போது எனக்கு முன்னாடி போட்டுடு, நான் புடிச்சிக்குவேன்” என்றாள். மூன்றாமவள் இடது கைக்காரி. யாரும் அதைக் கேட்டதே இல்லை என்றாள்.

ஆட்டத்தில் அவள் ஒரு கூடைதான் போட்டாள். ஆனால் அந்த நாலு பேரும் வந்து வந்து போட்டார்கள். அவள் குரல் பெரிதாக ஒன்றும் எழவில்லை. பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிற அளவுக்கு ஒரு பெயர், உடனே பந்து. ஒரு பாஸ் மட்டும் பழைய பழக்கத்தில் முந்திப்போய் வெளியே உருண்டது. “சாரி, என் தப்பு” என்று அவளே சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் தேர்வானவர்கள் பெயரை வாசித்தார்கள். பூங்குழலி பெயர் தொடக்கத்திலேயே வந்தது. தமிழ்மொழி பெயர் கடைசியாக, மாற்று பாயிண்ட் கார்டு என்று வந்தது. பூங்குழலி ஓடிவந்து அவளைத் தூக்கியே விட்டாள்.

குருவும் அங்கே வந்திருந்தார், தன் புதுக் கல்லூரிப் பெண்களோடு. அவராகவே இவர்களைத் தேடி வந்தார்.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன்மா. அன்னிக்கு நீ அப்பிடித்தான் இருந்த. இன்னிக்கு இப்பிடி இருக்கற. இதுக்கு மேலயும் போவ.” பிறகு ஞாபகம் வந்தவர்போல, “இடது கை எப்பிடி இருக்குது?” என்று கேட்டார்.

“நல்லா இருக்குது சார். இப்பவும் வாளியை அதுலதான் தூக்கறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் அன்றைக்குச் சொன்னதை என்றைக்கும் மாறாத தீர்ப்பாக இத்தனை மாதங்கள் சுமந்துவிட்டோமே என்று தமிழ்மொழிக்குத் தோன்றியது. அவரோ அந்த வருஷத்து ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அவள் ஆடியது கொஞ்ச நேரம்தான். முதல் பாயிண்ட் கார்டு மூச்சு வாங்க வெளியே வரும்போதெல்லாம் இவள் உள்ளே போவாள். அந்த நேரத்தில் பந்தைத் தொலைக்காமல், ஆட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டு திரும்பி வருவாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. இப்போது கடைசி வருஷம். உடற்கல்விப் படிப்பில் சேரலாமா, கடையைப் பார்த்துக்கொள்ளலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதைப் பற்றி இராமச்சந்திரனும் அவளை அவசரப்படுத்துவதில்லை. சனிக்கிழமைகளில் விழுப்புரம் பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார்கள். “இவளயா ஊமைன்னு சொன்னாங்க?” என்று மண்டகப்பட்டில் இறங்கும்போது பூங்குழலி கண்டக்டரிடம் கேட்பாள்.