சாப்பிடாத மீன் விற்கிறோம்

மீனில் மனுஷன் வாய்க்குள் போகாததையெல்லாம் சரக்காக்கி விற்கிற தொழில் எங்களுடையது.

பஹ்ரைன் சின்னத் தீவு. வலையில் விழுகிற நல்ல மீன் மார்க்கெட்டுக்குப் போய்விடும். தலை, குடல், செதில், யாரும் வாங்காத பொடி மீன், கணவாய் ஓடு, நத்தைச் சில்லு எல்லாம் எங்கள் கம்பெனிக்கு வரும். வேகவைத்து, பிழிந்து, அரைத்து, தோட்டத்துக்கு உரம், கோழிக்குத் தீவனம், பெயின்ட் கம்பெனிக்கு எண்ணெய் என்று வெளியே அனுப்புவோம். வேன் ஓட்டுவதும் டெலிவரி கொடுப்பதும் திட்டு வாங்குவதும் என் டூட்டி. ஊர் அறந்தாங்கிப் பக்கம். சாக்கடை, தோல், கோழிக்கழிவு என்று எதிலாவது வேலை பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டு காலியாவதைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

வில்லாவில் பேரீச்சை

பெரிய வில்லா ஒன்றுக்கு மீன் உரம் கேன் கேனாகக் கொண்டுபோனேன். தண்ணீரில் கலந்து பேரீச்சை மரத்தடியில் ஊற்ற வேண்டியது. மாலையில் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. தோட்டக்கார பங்களாதேஷ் பாய் காட்டிய மரத்துக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நிழலில் ஐந்து நிமிஷம்கூட நிற்க விடாத வாட்ச்மேனைத் திட்டிக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் போன். உடனே திரும்பி வா. போனால் வாசலில் வீட்டம்மா, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறார். மீன் உரம்தான் வேண்டும் என்று அவரேதான் ஆர்டர் கொடுத்தது. மீன் உரத்தில் மீன் நாற்றம் வராமல் மல்லிகை வாசமா வரும்? ஊற்றினதை எப்படித் திரும்ப எடுப்பது? வெயிலில் மரம் மரமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிட்டேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் வரவில்லை. கிளம்பும்போது அடுத்த ஆர்டரை மட்டும் மறக்காமல் கொடுத்தார், அரபியும் இந்தியும் கலந்து:

“மச்லி சாஹியே, பத்பூ மாஃபி.”

மீன் வேண்டுமாம், நாற்றம் கூடாதாம்.

கிளிக்கு ஒவ்வாது

கூண்டுக் கிளி அலகைத் தீட்டிக்கொள்ளக் கணவாய் ஓடு தொங்கவிடுவார்கள். ஒரு ஃபிளாட்டிலிருந்து அதற்கு ஆர்டர் வந்தது. பெயரைப் பார்த்தால் நம்ம தமிழ்க் குடும்பம். சந்தோஷமாகத்தான் போனேன். வாட்ச்மேன் நல்ல லிஃப்டில் ஏற விடவில்லை. சாமான் ஏற்றுகிற லிஃப்ட் ரிப்பேர். எட்டு மாடியும் படியில் ஏறினேன்.

கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்தார், மூச்சை இழுத்தார், உள்ளே போய் ரூம் ஸ்பிரேயோடு வந்தார். என் தலைக்கு மேல் ஒரு வட்டம், காலடியில் ஒரு வட்டம். கொசுவுக்கு மருந்தடிப்பது மாதிரி அடித்து முடித்துவிட்டுத்தான் கையை நீட்டி ஓட்டை வாங்கினார். ஓடு வந்ததும் கடலிலிருந்துதான், நான் வந்ததும் அதே கடலோரத்திலிருந்துதான். அதைக் கூண்டுக்குள் மாட்டுகிறார், என்னை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார். என் முகம் போன போக்கைப் பார்த்து, சமாதானம் சொல்கிற தோரணையில் சொன்னார்:

“தப்பா நினைக்காதீங்க தம்பி, எங்க கிளிக்கு ஸ்மெல்லு ஒத்துக்காது.”

நத்தைச் சில்லு

கோபத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நல்லவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். கடல் நத்தை உள்ளே போய்த் தன் வாசலை மூடிக்கொள்கிற சில்லு இருக்கிறதே, அதை ஊறவைத்து, சுரண்டி, வறுத்துப் பொடித்து, அரபிகள் வீட்டில் சாம்பிராணி மாதிரி போடுகிற பகூர் புகையில் சேர்ப்பார்கள். வாசனை சீக்கிரம் பறந்துபோகாமல் பிடித்து வைக்குமாம். மனாமா கடைத்தெரு சூக்கில் பகூர் விற்கிற ஒரு வயதான பஹ்ரைனிக்கு மூட்டை இறக்கப் போவேன்.

மற்றக் கடைகளில் பின்வாசலைக் காட்டுவார்கள். இவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுப்பார். ஒருநாள் புகைச்சட்டியைக் கொண்டுவந்து, விருந்தாளிக்குக் காட்டுவது போல என் சட்டைக்குள்ளும் தலைமுடிக்கும் புகை காட்டினார். ராஜா மாதிரி ரூமுக்குப் போனேன். ரூமில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் தர்மலிங்கம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கம்பெனியிலேயே மெஷின் பார்க்கிறவர். என்னை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தார். பிறகு ஜன்னலைத் திறந்தார்.

“தம்பி, மீனுக்கு சென்ட் அடிச்ச மாதிரி கிடக்கு. வெறும் மீனே பரவாயில்லையடா.”

குழி

போன கோடையில் கம்பெனியின் கூலர் நின்றுபோனது. வந்த மீனெல்லாம் சிமென்ட் குழியில் கிடந்து கொதித்தது. குழியின் அடியில் இருக்கிற பம்ப் அடைத்துக்கொண்டது. எங்கள் மேனேஜர் நம்ம தமிழர்தான், பெயர் வேண்டாம். பம்ப்பை இறங்கிச் சுத்தம் செய் என்று அண்ணையிடம் சொன்னார். முகமூடி இல்லை, காற்று ஊதுகிற ஃபேன் இல்லை. வழுக்கும் என்று அண்ணை தானாக இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலே கம்பியில் மாட்டிவிட்டு ஏணியில் இறங்கினார். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து, “இப்ப நாத்தமே இல்லை” என்று அவர் குரல் வந்தது. அடுத்த சத்தம் அவர் விழுந்த சத்தம்.

கான் பாய் என்று ஒரு பெஷாவர்காரர், அண்ணையோடு ஒரே ஷிஃப்ட். அவர் ஏணியில் காலை வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஊரில் செப்டிக் டேங்கில் இறங்கின ஒருவரைத் தூக்கப் போய் அடுத்தவர், அவரைத் தூக்கப் போய் அதற்கடுத்தவர் என்று செத்த செய்தியைப் படிக்காத தமிழன் உண்டா? “கேஸ் பாய், கேஸ்! கயித்தை இழு!” என்று கத்தினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த நேபாளி ஒருவரோடு மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தபோது அண்ணைக்கு உதடு நீலம். மூச்சு இருக்கிறதா என்று நான் மார்பில் காதை வைத்திருக்கிறேன். கான் பாய் அழுகிறார். மேனேஜர் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பம்ப் கிளியர் ஆயிடுச்சா இல்லையா?”

வெயில் என்று சொல்

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் காரில் போனோம். பின்சீட்டில் என் மடியில் அண்ணை தலை. முன்னாலிருந்து மேனேஜர் பேசிக்கொண்டே வந்தார். வெயில் தாக்கிவிட்டது என்று சொல், கேஸ் கீஸ் என்று வாயைத் திறக்காதே, கம்பெனியை மூடிவிடுவார்கள், உன் விசாவும் போகும். அக்கறையாகப் பேசுகிற மாதிரிதான் பேசினார். மடியில் ஒரு மனுஷன் கொர் கொர் என்று இழுத்துக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. “எந்தா பற்றியது, என்ன ஆச்சு?” என்று கேட்டார். “ஹீட், டாக்டர், ஹீட்” என்று மேனேஜர் முந்திக்கொண்டார். ஊரில் வீட்டுக்காரியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கண்ணில் வந்து போனார்கள். இருந்தும் வெயிலுக்கு வைத்தியம் பார்த்து இவர் கேஸில் செத்துப்போனால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? “வெயில் இல்லீங்க, மீன் குழி, கேஸ்” என்றேன். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு என்னவோ வேகமாகச் சொன்னார். அண்ணையை உருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பிறகு டாக்டர், நான்தான் பேச வேண்டும் என்பது போல என்னைக் காட்டி, மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்:

“சார், நீங்க வெளிய நில்லுங்க. இவரு பறையட்டே.”

முதலில் நீங்கள்

மறுநாளே என்னிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி பிளான்டுக்குள் டூட்டி. அதாவது அண்ணை நின்ற இடத்தில் நான். பம்ப் இன்னும் அடைத்துத்தான் கிடந்தது. மேனேஜர் காலையில் வந்து, உள்ளே யார் இறங்குகிறீர்கள் என்று கேட்டார். பார்வை மட்டும் என் மேல்தான்.

நான் அசையவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் கான் பாய் வந்து நின்றார். அவர் பக்கத்தில் நேபாளி, நேபாளி பக்கத்தில் ஒரு பங்களாதேஷ்காரர். ஒருவரும் கோஷம் போடவில்லை, நிற்கத்தான் செய்தோம். இங்கே ஸ்டிரைக் என்ற சொல்லைச் சொன்னாலே ஏர்போர்ட்டில் விடுவார்கள். மேனேஜர் கத்தினார், விசா கொடுத்த முதலாளி கஃபீலுக்குப் போன் போடுவேன் என்றார், கெஞ்சவும் செய்தார். கான் பாய் அந்த ஏணியைத் தூக்கிக் குழிக்குள் மெதுவாகச் சாய்த்து வைத்தார். கையை நீட்டி, கல்யாண வீட்டுக்கு அழைப்பது போல மரியாதையாகச் சொன்னார்:

“பஹ்லே ஆப், சாப்.”

அந்த வாரமே கேஸ் மீட்டரும் ஃபேனும் முகமூடியும் வந்து இறங்கின. இத்தனை நாளும் அவை எல்லாம் கடையில்தான் இருந்திருக்கின்றன.

மணம்

அண்ணை பிழைத்துக்கொண்டார். ரூமுக்குத் திரும்பிய அன்று அவருக்குப் பிடிக்குமே என்று இறால் போட்டுக் குழம்பு வைத்தேன். தட்டைக் கையில் வாங்கியவர், குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு என் அக்குளில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். சிரிப்புதான் வந்தது எனக்கு முதலில். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. “ஒண்டும் தெரியேல்லை தம்பி. சோத்து மணமும் தெரியேல்லை. ஊரில பிள்ளை பிறந்திருக்கிறாள், போய்த் தூக்கினால் அவளின்ர மணமும் தெரியாது” என்றார். அந்த கேஸ் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்குமாம், மணம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவரை ஊருக்கு அனுப்பி வைத்தியம் பார்க்க லீவு கேட்டு நானும் அவரும் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை நோண்டிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் நிஜமாகவே ஒரு மலர்ச்சி.

“மூக்கு வேலை செய்யலேன்னா நல்லதுதானேப்பா, நம்ம வேலைக்கு அதைவிட என்ன வேணும்?”

அண்ணைதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். பிடிக்காமல் இருந்திருந்தால் இதை நான் ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். லீவு கடைசியில் கிடைத்தது, அந்த மலையாள டாக்டர் போட்ட ஒரு போனில்.

மீனில் செதிலைக்கூட வீணாக்காத கம்பெனி எங்களுடையது, மனுஷனைத்தான் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கிறார்கள்.