கரடிக்குழிச் சந்தைக்கு இரண்டு வழி

சவரிநாதனுக்கு ஒரு விஷயம் ஏழு வருஷமாக இடித்துக்கொண்டே இருந்தது. எருமைக்கல்லிலிருந்து விடிந்ததும் புளிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புகிற இருசம்மாள், கரடிக்குழிச் சந்தையில் வடைக்கடைக்காரர் அடுப்புப் பற்றவைப்பதற்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். அதே நேரத்தில், அதே ஊரிலிருந்து, ஒரு காம்பஸைத் தவிர வேறு சுமை இல்லாமல் கிளம்பும் இவர் போய்ச் சேரும்போது சந்தை பாதி கலைந்திருக்கும். நல்ல சாமையெல்லாம் விற்றுப் போயிருக்கும்.

மலைக்காரர்கள் நடை அப்படி என்று ஒரு விடை வைத்திருந்தார். புரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அது புரிந்த மாதிரியேதான் இருக்கிறது.

கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ், தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. 1978-இல் ஆபீஸ் நண்பர்களோடு பச்சைமலைக்குப் போனார். அவர்கள் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். இவர், அந்த மலையின் ஒற்றையடிப் பாதைகளுக்கு ஒரு வரைபடம்கூடக் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினார். அன்றிலிருந்து கிடைத்த லீவெல்லாம் துறையூர் பஸ்ஸில் போயிற்று. தொழிற்சாலையில் கொடுத்த கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, தப்படி எண்ணி எண்ணி நடந்து, தானே ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். எருமைக்கல்லில் தங்கிக்கொள்வார். வழிகாட்டியாக இருசம்மாளின் புருஷன் மருதை முன்னால் போவான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பூசைக்காவது இருப்பீங்களா, இல்ல மலையிலயே மறுபடி ஞானஸ்நானம் வாங்கிக்கப் போறீங்களா?" என்பாள் மனைவி அமலராணி.

1985 பங்குனியில் அந்த வரைபடத்துக்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்தது. மலைக்கு ஜீப் ரோடு போடத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். "திங்கட்கிழமை கொண்டாங்க சார். எருமைக்கல்லுலேருந்து சந்தைக்கு நீங்க போட்டிருக்கிற கோட்டையே ரோடா வெச்சுக்கறேன்." சவரிநாதனுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமைச் சந்தைக்குக் கிளம்பினார்.

சந்தையில் வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. இரண்டையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு திரும்ப நடந்தார். கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு இருசம்மாளும் கூட வந்தாள். புங்கமரத்தடியில் வழக்கமாக இடதுபக்கம் திரும்பும் மருதை, நேராக நடந்தான்.

"மருதை, எங்க போற?"

"ஊருக்குத்தாங்க."

"வழி இந்தப் பக்கம்ல?"

"அது செருப்பு வழிங்க. இன்னைக்கு நீங்க வெறுங்காலுதானே?"

சவரிநாதன் நின்றுவிட்டார். மருதை சங்கடத்தோடு விளக்கினான். நேர்வழி மூன்று ஊர்களின் மந்தை வழியாகப் போகிறது. மந்தை என்பது கோயிலும் ஊர்க்கூட்டமும் இருக்கிற திடல். செருப்புக் காலோடு யாரும் அதை மிதிப்பதில்லை.

"சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்த!"

"வந்தவங்ககிட்ட செருப்பக் கழட்டுங்கன்னு எப்படிங்க சொல்றது? நீங்களா கழட்டுவீங்கன்னு பாத்தோம். கழட்டல. சரி, சுத்திக் கூட்டிட்டுப் போவோம்னு விட்டுட்டோம்."

இருசம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏழு வருசமா எம் புருசனையும் சேத்துல்ல சுத்த வெச்சீங்க! நான் புளிய வித்து முடிச்சிருப்பேன், அப்பதான் இவரு உங்களோட ஊர்கோலம் வருவாரு."

ஒன்றரை மணி நேரத்தில் எருமைக்கல் வந்துவிட்டது. வரைபடத்தில் அது நாலு மணி நேரம். அவர் வரைந்த கோடு மூன்று ஊர்களையும் தொடாமல் காட்டைச் சுற்றிக்கொண்டு போனது. ரோடும் அப்படியேதான் போகும்.

வெள்ளியும் சனியும் நேர்வழியை அளந்தார். பூட்ஸ் காலில் அவருடைய தப்படி இரண்டரை அடி, மாறாது. வெறுங்காலில் அது ஒவ்வொரு கல்லுக்கும் மாறியது. எண்ணியதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து நடந்தார். முதல் ஊர் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவது ஊருக்குப் போகும் சரிவில் உள்ளங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. மருதை அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டான்.

"நேர்த்திக்கடனுக்கு வேளாங்கண்ணி வரைக்கும் நடக்கறவங்களுக்குக்கூட காலு இப்படிக் கிழியாது," என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள் அமலராணி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேஜையில் குனிந்து புதுத்தாளில் பாதி வழியை வரைந்தார். மீதியை ஊகித்துப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. பேனாவைத் தாளில் வைத்தார். பழைய கோட்டையும் அதுதான் வழி என்று நம்பித்தான் போட்டோம் என்று நினைத்ததும் பேனாவை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை பொறியாளர் இரண்டு தாள்களையும் விரித்துப் பார்த்தார்.

"பழசு முழுசா இருக்கே சார். இதையே எடுத்துக்கறேன்."

"அது தப்பு."

"ஆள் போற வழிதானே?"

"நான் மட்டும் போற வழி."

பொறியாளர் சிரித்தார். இவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பாதிய வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? இந்த வருஷ ரோடு பட்டியல் இன்னைக்கு சாயந்தரம் போவுது. பழசக் குடுங்க, இல்ல அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சவரிநாதன் இரண்டையும் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும், திரும்பிப் போய்ப் பழையதைக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. ஏதோ ஒரு ரோடு. ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை. படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அடுத்த வியாழக்கிழமை சந்தைக்குப் போனார், தன் காரணமாக ரோடு நின்றுபோனதைச் சொல்ல. காலில் கட்டு இருந்ததால் சுற்றுவழியில் ஒரு பொதிமாட்டின் மேல் வந்து இறங்கினார். மருதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"நேர்வழியில ரோடு போட்டா மந்தைக்குள்ளதானே வரும்?"

"ஆமா."

"அதுல ஜீப்பு வரும்."

"வரும்."

"செருப்பு போட்டவங்க வருவாங்க."

சவரிநாதன் சந்தைக்கு எத்தனை தப்படி என்று ஏழு வருஷம் எண்ணியிருக்கிறார். ரோடு வேண்டுமா என்று ஒருவரையும் கேட்டதில்லை.

"வேணாங்கறியா?" என்றார் எரிச்சலோடு.

"நான் எப்படிங்க சொல்றது? மூணு ஊரும் கூடிப் பேசணும்."

"எப்பக் கூடுவாங்க?"

"தையில, பொங்க நோம்பு முடிஞ்சு."

"இது பங்குனி மருதை! இன்னும் பத்து மாசம் இருக்கு!"

"ஆமாங்க," என்றான் மருதை. இருசம்மாள் படியில் புளியை அமுக்கி அளந்துகொண்டே, "கூவாதீங்க, யாவாரம் கெடுது. தள்ளி ஒக்காருங்க," என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார்.