அரைக்கண்ணர் நோட்டு

ஊரில் எல்லாரும் அவரை அரைக்கண்ணர் என்றுதான் சொல்வார்கள். பார்வையில் குறை ஒன்றும் இல்லை. பட்டப்பகலிலும் பாதிக் கண் மூடியே இருக்கும், அவ்வளவுதான். எதிரே நிற்பவர் மூச்சு வாங்கப் பேசி முடித்த பிறகு, "என்ன சொன்னீங்க?" என்று அத்தனை மரியாதையாகக் கேட்பார், திட்டக்கூட மனசு வராது.

அவர் பார்த்து விட்ட வேலைகளை எண்ண ஒரு கை போதாது. சைக்கிள் கடையில் டியூப் இல்லாமலே டயரை மாட்டிக் கொடுத்தார். பஸ் கண்டக்டராக இருந்தபோது ஜன்னல் வழியே ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, நாலு நிறுத்தத்துக்கு விசில் கொடுக்க மறந்தார். ஐந்தாவதில் அத்தனை பேரும் இறங்கி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்புறம் அச்சகம், அப்புறம் மரக்கடை. எங்கேயும் ஆறு மாதம் தாண்டவில்லை. வீடு ஓடியது மனைவியின் தையல் மெஷினில். அந்த அம்மாள் சண்டைக்காரி இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போது எப்போதாவது ஒரு பெருமூச்சு விடுவாள். உலகத்தில் வேறு எது காதில் விழாவிட்டாலும் அந்தப் பெருமூச்சு அவருக்கு முழுதாகக் கேட்கும்.

அவளுடைய அண்ணன்தான் ஊர்க் காட்டுக் குழுவுக்குச் செயலாளர். ஒரு காலத்தில் அதே காட்டில் துப்பாக்கியோடு திரிந்த ஆசாமி. ஒரு வருஷம் நாள் முழுக்க நடந்தும் ஒரு பறவைச் சத்தம்கூடக் கேட்காமல் திரும்பி வந்தவர், துப்பாக்கியைப் பரண்மேல் போட்டுவிட்டு ஊரைக் கூட்டினார். வேட்டைக்குப் போனவர்களே காவலுக்குப் போவது என்று அன்றைக்கு முடிவாயிற்று. இருவாச்சிப் பறவைகள் கூடு வைக்கும் மாதங்களில் கூட்டுக்கு ஒரு ஆள், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அசையாமல் உட்கார்ந்து, பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். ஆனால் பழைய வேட்டைக்காரனுக்கு நடக்க வருமே தவிர உட்கார வருமா? ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. செயலாளர் யோசித்து யோசித்துத் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, சும்மா உக்காந்திருக்கணும். உங்களை விட்டா ஊர்ல அது யாருக்கு வரும்?"

அரைக்கண்ணர் சரி என்றார்.

அவருக்குக் கிடைத்த மரம் மிகப் பெரியது. ஏழெட்டு ஆள் உயரத்தில் ஒரு பொந்து. பெண் இருவாச்சி அதற்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசித் தன்னைத்தானே உள்ளே அடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது விரல் அகலத்தில் ஒரு கீறல். குஞ்சு தேறும்வரை அவள் வெளியே வர மாட்டாள். ஆண் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் உள்ளே இருக்கிற உயிர்களுக்கு வேறு நாதி இல்லை.

இலைத் தட்டி மறைவில் அரைக்கண்ணர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். மேலே இலைகள் அசையும்போது வெளிச்சம் அவர் முழங்கால்மேல் வந்து, கொஞ்சம் இருந்துவிட்டு, நகர்ந்து போகும். உள்ளே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். கதகதப்பான இருட்டு. உதிர்ந்த இறகுகளின் மெத்தை. சுவரில் ஒரே ஒரு வெளிச்சக் கோடு, அது மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். சில மத்தியானங்களில் தான் வெளியே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்பதே அவருக்குப் பிடிபடாமல் போகும். யாரும் அவரை உலுக்கி எழுப்பாத முதல் வேலை இதுதான். சந்தோஷமாக இருந்தார்.

பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள் என்று மச்சான் சொல்லியிருந்தார். மனுஷன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். '7.20, ஆண் வந்தது, பழம் ஒன்பது' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே, '1.10 முதல் 1.45 வரை நான் தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை' என்று இருக்கும். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் சாலைப் பேச்சு வந்தது. சாலை வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிற ஊர் எப்படிச் சொல்லும்? ஆனால் சாலைக்கான கோடு நேராக அந்த மரத்தின் வழியாகப் போயிற்று. முப்பது அடி வளைத்துப் போடுங்கள் என்று குழு கேட்டது. தைத்த துணி மூட்டையைத் தலையில் வைத்து மூன்று மைல் நடந்து பஸ் பிடிக்கிறவள் அரைக்கண்ணரின் மனைவி. அவளே கூட்டத்தில் எழுந்து, ரோடு கொஞ்சம் வளைந்தால் என் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது என்றாள். இன்ஜினியர் வருவார், கூட்டில் உயிர் இருந்தால் காவல் நோட்டில் கையெழுத்துப் போடுவார், போட்டால் சாலை வளையும் என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. போடாவிட்டால் மறுநாளே ரம்பம்.

இன்ஜினியர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. மறுநாள் முழுக்க ஆண் பறவை வரவில்லை. அரைக்கண்ணர் அன்றைக்கும் மத்தியானம் அரைமணி நேரம் தூங்கியிருந்தார். அதையும் எழுதி, 'ஆண் வரவில்லை' என்றும் எழுதினார். செயலாளர் நோட்டை வாங்கிப் படித்தார்.

"நீங்க தூங்கினப்ப வந்திருக்கும் மாப்ள. வந்துச்சுன்னே எழுதிடுங்க."

"தூங்கினப்ப வந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

சாயங்காலம் வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டாள்.

"அந்தப் பொண்ணு நேத்து சாயங்காலத்துலேர்ந்து சாப்பிடல," என்றார்.

எந்தப் பொண்ணு என்று கேட்க வாயெடுத்தவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மெஷினை மூடிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் ஒன்றுக்காக இப்படித் தவித்து அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்தார். சாலைதான் இல்லையே, பாவம், அவரும் மூன்று மைல் நடந்துதான் வந்தார். மறைவில் இரண்டு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்பதால் செயலாளர் அவரை விட்டுவிட்டு டீ கொண்டுவரப் போனார். இன்ஜினியர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, தூங்கிய கணக்கையெல்லாம் படித்துச் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு வேரில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்த அலுப்பு, குளிர்ந்த நிழல், அசைகிற இலைகள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அப்போதுதான் அந்தச் சிறகுச் சத்தம் கேட்டது.

ஆண் வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. வாலில் பாதி இறகைக் காணோம். எங்கே மாட்டிக்கொண்டு தவித்ததோ, நாலு பக்கமும் மிரண்டு மிரண்டு பார்த்தது. அரைக்கண்ணரின் இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன. கை நீட்டினால் இன்ஜினியரின் தோள். தொட்டால் போதும், மரம் பிழைக்கும். ஆனால் தொட்டால் அவர் திடுக்கிட்டு எழுவார், மிரண்ட பறவை பழத்தோடு போய்விடும், திரும்ப எப்போது வருமோ. தொடாவிட்டால் பார்த்த சாட்சி தான் ஒருவன் மட்டும். போயும் போயும் அரைக்கண்ணன் சொன்னால் யார் நம்புவார்கள்?

நீட்டிய கையை மெல்ல மடிமேல் வைத்துக்கொண்டார்.

பறவை பொந்துக்குத் தாவியது. கீறலில் ஒரு அலகு நுனி தெரிந்தது. ஆண் தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக வரவழைத்து ஊட்டியது. பதினொன்று. எண்ணி முடிக்கும்போது அரைக்கண்ணருக்குக் கண்ணீர் தாடைவரை வந்திருந்தது. துடைக்கக்கூட அசையவில்லை. அது பறந்து போன பிறகுதான் பென்சிலை எடுத்தார்.

டீயோடு வந்த செயலாளர் நோட்டை எட்டிப் பார்த்தார். '11.20 முதல் இன்ஜினியர் தூங்குகிறார். 11.40, ஆண் வந்தது, பழம் பதினொன்று. நான் மட்டும் பார்த்தேன்.' டீயைக் கீழே வைத்துவிட்டு, கெட்டது குடி, அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள் என்று காதோரம் கெஞ்சினார். அரைக்கண்ணர் தலையாட்டி மறுத்தார். அந்தக் கிசுகிசுப்பில் இன்ஜினியர் விழித்துக்கொண்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"என்னை ஏன்யா எழுப்பல?"

"எழுப்பியிருந்தா பயந்து பறந்திருக்கும் சார். உள்ள முந்தாநாள்லேர்ந்து பட்டினி."

இன்ஜினியர் நோட்டை வாங்கினார். அந்த வரியைப் படித்தார். முகம் சிவந்தது. இவர் ஒரு மாதிரி சார், வேற தாளில் எழுதித் தருகிறோம் என்று செயலாளர் ஆரம்பித்ததை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. முந்திய பக்கங்களுக்குப் போனார். 'தூங்கிவிட்டேன்', 'தூங்கிவிட்டேன்', 'பார்க்கவில்லை', 'வரவில்லை' என்று ஒவ்வொன்றாக, இந்தத் தடவை சிரிக்காமல், நிதானமாகப் படித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து 11.20 என்பதை அடித்தார். மேலே 11.05 என்று எழுதினார்.

"குறட்டை வர்றதுக்கு முன்னாடியே தூங்கிட்டேன்யா," என்று அரைக்கண்ணரிடம் சொல்லிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.